கூட்டுப்பொருளின் மின்காந்தக் கவசத் திறனை அளப்பது எப்படி?

"நாற்பது டெசிபெல் வந்திருக்கிறது" என்று ஒரு மாணவர் வரைபடத்தை நீட்டினால், பாராட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பது என் வழக்கம். எந்தத் தாங்கியில் வைத்து அளந்தீர்கள்? மாதிரியின் தடிமன் என்ன? அதே தாங்கியில் வெறும் பித்தளைத் தகட்டை வைத்தபோது கருவி எவ்வளவு காட்டியது? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் மௌனந்தான். அந்த மூன்றாவது கேள்விக்கும் இந்தக் கட்டுரை விடை சொல்லும்.

பொருளறிவியலோ வேதியியலோ படித்துவிட்டு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்குச் சேர்ந்து, முதல் முறையாக நுண்ணலைக் கருவியின் முன் உட்காருபவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்பவருக்கும் இது பொருந்தும். கார்பன் நானோகுழாய், கிராஃபீன், கார்பன் இழை, வெள்ளி பூசிய துணி என்று எதைக் கலந்து கூட்டுப்பொருள் செய்திருந்தாலும் அளக்கும் முறை ஒன்றுதான்.

எண்ணின் பொருள்

கவசத் திறன் என்பது பொருளின் மேல் விழும் அலைத்திறனை அதைத் தாண்டி வெளிவரும் அலைத்திறனால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்து, பத்தால் பெருக்கியது. 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு தாண்டுகிறது. 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று, 40 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே 20 டெசிபெலே 99 விழுக்காட்டைத் தடுத்துவிடுகிறது. நுகர்வோர் மின்னணுப் பொருள்களின் உறைக்கு 20 முதல் 30 வரை இருந்தால் போதும் என்று ஆய்வுக் கட்டுரைகள் வழக்கமாக எடுத்துக்கொள்கின்றன.

தடுக்கப்பட்ட அலைக்கு இரண்டு கதிகள் உண்டு. ஒரு பகுதி பரப்பிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது, அது பிரதிபலிப்பு. மிச்சம் உள்ளே நுழைந்து வெப்பமாகிக் கரைகிறது, அது உட்கவர்தல். உள்ளுக்குள்ளேயே இரு பரப்புகளுக்கிடையில் எதிரொலித்துத் திரும்பும் பகுதி ஒன்றும் உண்டு. உட்கவர்தல் 10 டெசிபெலைத் தாண்டிவிட்டால் அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

படி 1: எந்த அதிர்வெண்ணுக்கு, எவ்வளவு தொலைவுக்கு?

கருவியைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. பலர் "ஆய்வகத்தில் எந்தத் தாங்கி இருக்கிறதோ அதில் அளப்போம்" என்று தொடங்குகிறார்கள். பிறகு அந்த எண்ணை எல்லாப் பயன்பாட்டுக்கும் ஒட்டிவைக்கிறார்கள்.

சட்டைப்பையில் இருக்கும் ஈசி-லிங்க் பயண அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அதிர்வெண்ணுக்கு அலைநீளம் ஏறத்தாழ 22 மீட்டர். அலைநீளத்தை இரண்டு பை என்னும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் தொலைவுக்குள், அதாவது இங்கே மூன்றரை மீட்டருக்குள் இருப்பது அண்மைப் புலம். எம்ஆர்டி நுழைவாயிலில் அட்டைக்கும் வாசிப்பானுக்கும் நடுவே இருப்பது சில சென்டிமீட்டர்தான். அங்கே நடப்பது பெரும்பாலும் காந்தப்புல இணைப்பு. வானொலி அலை பரவுவதைப் போன்றதல்ல. ஆகவே 10 கிகாஹெர்ட்ஸில் 50 டெசிபெல் காட்டிய உங்கள் படலத்தை வைத்து "இந்த உறை அட்டைத் திருட்டைத் தடுக்கும்" என்று எழுத முடியாது. காந்தப்புலத்தைத் தடுப்பதற்கு வேறு அளவீடு, பெரும்பாலும் வேறு பொருளும் வேண்டும்.

இந்தக் கட்டுரையில் பேசப்போவது தொலைப் புலத்தை, அதாவது சமதள அலையைப் பற்றி மட்டுமே.

படி 2: முறையைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு வழிகள் உண்டு. எல்லாம் எல்லோருக்கும் ஏற்றதல்ல.

முதலாவது, ஓரச்சு வட (கோஆக்சியல்) தாங்கி. ஏஎஸ்டிஎம் டி4935 என்னும் தர முறை இதைத்தான் சொல்கிறது. 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். சுமார் 133 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு ஒன்று வேண்டும். அதோடு ஒப்பீட்டுத் துண்டுகளும் அதே பொருளில், அதே தடிமனில் வேண்டும்: 133 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 76 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட வளையம் ஒன்று, 33 மில்லிமீட்டர் வட்டு ஒன்று. தாங்கியின் இரு பாதிகளும் மாதிரியைத் தொட்டு மின்னோட்டம் பாய்ச்சுவதில்லை. மின்தேக்கி போல அதன் ஊடாக இணைகின்றன. அந்த இணைப்பின் அளவு ஒப்பீட்டுத் துண்டிலும் மாதிரியிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றின் அளவீட்டிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது சரியாக வரும். "வளையம் வெட்டப் பொருள் போதவில்லை, வெறும் காற்றோடு ஒப்பிட்டுவிட்டேன்" என்றால் அது டி4935 அல்ல. இந்தத் தர முறை 2005-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு 2010-இல் மீண்டும் நடப்புக்கு வந்தது. அதனால்தான் இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த சில கட்டுரைகள் அதன் பெயரைச் சொல்லத் தயங்குகின்றன.

இரண்டாவது, செவ்வக வேவ்கைடு, அதாவது அலையை உள்ளே செலுத்தும் உலோகக் குழாய். புதியவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எக்ஸ் பட்டைக்குரிய டபிள்யூஆர்-90 குழாயின் உள்வாய் 22.86 மில்லிமீட்டர் அகலம், 10.16 மில்லிமீட்டர் உயரம், 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கலாம். தபால்தலை அளவுள்ள மாதிரி போதும். ஒரு கிராம் நானோகுழாய்க்கு மேற்பார்வையாளரிடம் பலமுறை மின்னஞ்சல் அனுப்பவேண்டிய நிலையில் இது பெரிய சலுகை. வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டையில்தான் அளக்கின்றன என்பதால் ஒப்பிடவும் எளிது.

மூன்றாவது, வெட்டவெளி முறை. இரண்டு ஹார்ன் ஆண்டெனாக்களுக்கு நடுவே பெரிய தாளைத் தொங்கவிட்டு அளப்பது. வளைந்த பலகை, சாய்வாக விழும் அலை ஆகியவற்றை ஆராய இதுவே வழி. ஆனால் தாளின் ஓரங்களைச் சுற்றி அலை வளைந்து வந்துவிடும். நேர வாயில் (பிந்தி வரும் அலையைக் கணக்கிலிருந்து நீக்கும் முறை) கொண்டு அந்தப் பாதையை வடிகட்டத் தெரியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

நான்காவது, பொருளை விட்டுவிட்டு அறையையும் பெட்டியையும் அளப்பது. இரண்டு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கவச அறைகளுக்கு ஐஇஇஇ 299 என்னும் தர முறை. அதைவிடச் சிறிய பெட்டிகளுக்கு 2013-இல் வந்த ஐஇஇஇ 299.1. கதவு, துவாரம், கம்பி நுழையும் இடம் எல்லாம் சேர்ந்து தரும் எண் அது. பொருளின் எண்ணை அதோடு ஒப்பிடாதீர்கள். பொருளின் எண் எப்போதும் பெட்டியின் எண்ணைவிட அழகாகவே இருக்கும்.

இனி வரும் படிகளை எக்ஸ் பட்டை வேவ்கைடை வைத்தே சொல்கிறேன்.

படி 3: மாதிரி செய்தல்

அளவீடு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கருவியின் மேல் பழி போடுவதற்கு முன் மாதிரியின் ஓரத்தைப் பாருங்கள்.

கொசுவலையை எவ்வளவு நெருக்கமாக நெய்திருந்தாலும், ஓரத்தை மெத்தைக்கடியில் செருகாவிட்டால் கொசு உள்ளே வந்துவிடும். வேவ்கைடுக்குள் வைத்த மாதிரியும் அப்படித்தான். ஆனால் எல்லா ஓரமும் ஒன்றல்ல. இந்தக் குழாயில் மின்புலம் அகலமான சுவரிலிருந்து எதிரே உள்ள அகலமான சுவருக்குச் செல்கிறது. மாதிரியில் ஓடும் மின்னோட்டமும் அதே திசையில்தான். ஆகவே மாதிரிக்கும் மேல், கீழ்ச் சுவர்களுக்கும் இடையே முடியளவு இடைவெளி இருந்தாலும் மின்னோட்டம் அறுபட்டு, அந்தப் பிளவின் வழியே அலை கசியும். இடது, வலது சிறிய சுவர்களில் மின்புலம் ஏறத்தாழச் சுழி; அங்கே சற்று இடைவெளி இருந்தால் பாதகம் குறைவு. எனவே 10.16 என்னும் அளவில்தான் உங்கள் கவனம் முழுதும் இருக்க வேண்டும். சற்றுப் பெரிதாக வெட்டி, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, தாங்கிக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியான பொருளாக இருந்தால் மேல், கீழ் ஓரங்களில் வெள்ளிப் பசையை மெல்லியதாகத் தடவி உலரவிடலாம். பசை முகப்புக்கு வழிந்துவிட்டால் நீங்கள் அளப்பது வெள்ளியை.

அச்சில் வார்த்த எபாக்சி மாதிரிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அச்சின் சுவரை ஒட்டிய இடத்தில் இழையோ குழாயோ இல்லாமல் வெறும் பிசின் தோல்போலப் படிந்துவிடும். அது மின்கடத்தாது. அதன்மேல் வெள்ளிப் பசை தடவிப் பயனில்லை. ஓரங்களைத் தேய்த்து, உள்ளிருக்கும் கருமை வெளியே தெரிந்த பிறகு பசை தடவுங்கள். மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஓரத்துக்கு ஓரம் தொட்டுப் பார்த்தால் தொடர்பு இருக்கிறதா என்று நொடியில் தெரிந்துவிடும்.

மெல்லிய படலமாக இருந்தால் குழாய்க்குள் வைக்க முடியாது. இரண்டு விளிம்புத் தட்டுகளுக்கு நடுவே பிடித்து இறுக்குவார்கள். அப்போது படலம் வாயைவிடப் பெரிதாக, நான்கு புறமும் தட்டின் மேல் படியுமாறு இருக்க வேண்டும். கடத்தும் பரப்பு உலோகத்தைத் தொடுகிறதா என்பதைப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பூச்சு இருந்தால், மறுபக்கத் தட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே பிளாஸ்டிக்கின் தடிமன் அளவுக்குப் பிளவு உண்டு. அந்த வழியாக அலை பக்கவாட்டில் நழுவும்.

தடிமனைத் திருகு அளவியால் ஐந்து இடங்களிலாவது அளந்து, சராசரியையும் விலகலையும் குறித்துக்கொள்ளுங்கள். "சுமார் 2 மில்லிமீட்டர்" என்று எழுதாதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: மின்கடத்துதிறன் மீட்டருக்கு 100 சீமென்ஸ் உள்ள கூட்டுப்பொருளில், 10 கிகாஹெர்ட்ஸ் அலை அரை மில்லிமீட்டர் ஆழத்தில் 37 விழுக்காட்டு வீச்சுக்குத் தேய்ந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.7 டெசிபெல் கொடுக்கிறது. 2 மில்லிமீட்டருக்கு உட்கவர்தல் மட்டும் 35 டெசிபெலை எட்டும். தடிமனில் கால் மில்லிமீட்டர் பிசகினால் 4 டெசிபெல் போய்விட்டது. அதே பொருள் 1 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். 2 மில்லிமீட்டர் தகட்டின் உட்கவர்தல் 11 டெசிபெல் அளவுக்கே வரும். ஒரு பட்டையில் அளந்த எண்ணை இன்னொரு பட்டைக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சிங்கப்பூரின் ஈரப்பதம் தனிப் பத்திக்கு உரியது. நைலான், செல்லுலோஸ், சிமெண்ட் அடிப்படையிலான மாதிரிகள் காற்றிலிருந்து நீரைக் குடிக்கும். நீர் நுண்ணலையை நன்றாக உட்கவரும். காலையில் உலர்ந்திருந்த மாதிரி, தாழ்வாரத்தில் வைத்திருந்துவிட்டு மாலையில் அளந்தால் கூடுதல் திறன் காட்டக்கூடும். அது உங்கள் கிராஃபீனின் சாதனை அல்ல. எம்எக்ஸீன் (உலோகக் கார்பைடு போன்றவற்றின் மெல்லிய அடுக்குகளாலான பொருள்) போன்றவற்றுக்குச் சிக்கல் எதிர்த்திசையில்: ஈரத்தில் நாளாக நாளாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கடத்துதிறன் சரியும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் மின்சார உலர்பெட்டி இந்த ஊரில் எளிதாகக் கிடைக்கும். ஆய்வகத்துக்கு அதுவே போதும். குளிரூட்டிய அறையிலிருந்து மாதிரியையோ கேபிளையோ வெளியே எடுத்துச் செல்லும்போது மூடிய பையில் எடுத்துச் செல்லுங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றுப் பட்டதும் நீர் பூத்துவிடும்.

பாதுகாப்பு குறித்து ஒரு வார்த்தை. கார்பன் இழையை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தத் தூசு மின்கடத்தும். கருவி இருக்கும் மேசையில் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

படி 4: கருவியை ஆயத்தப்படுத்துதல்

மாதிரியை நோக்கி அலையை அனுப்பி, திரும்புவதையும் தாண்டுவதையும் அளக்கும் கருவியான வெக்டர் நெட்வொர்க் அனலைசரை இயக்கி, குறைந்தது அரை மணி நேரம் சூடாக விடுங்கள். இணைப்பிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். இணைக்கும்போது நட்டை மட்டும் திருகுங்கள். இணைப்பியின் உடலைத் திருகினால் நடு ஊசி தேயும். கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, கடைசிச் சுற்றுக்கு முறுக்குவிசை ஸ்பேனர் பயன்படுத்துங்கள். "டக்" என்ற ஒலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தாங்கிக்கு வேண்டிய திருகு, வாஷர், சாதாரண அடாப்டர் போன்றவற்றுக்கு ரோச்சோர் பக்கம் போனால் சிம் லிம் டவரில் கிடைக்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டுத் திரும்புபவர்களும் உண்டு. இரண்டும் வேறு கட்டடங்கள். ஆனால் அளவுத்திருத்தத்துக்கான (கேலிபரேஷன்) துண்டுகளை மட்டும் அங்கே இங்கே வாங்கியவற்றைக் கொண்டு ஒப்பேற்றாதீர்கள்.

அதிர்வெண் பட்டை 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை, புள்ளிகள் 201 என்று வைத்தால் தொடங்கப் போதும். இடைநிலை அதிர்வெண் பட்டையகலம் என்றொரு அமைப்பு இருக்கும். அதை ஒரு கிலோஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இரைச்சல் 10 டெசிபெல் தாழும், அளவீடு மெதுவாகும். நல்ல கவசப் பொருளை அளப்பவருக்கு அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

பிறகு அளவுத்திருத்தம். ஓரச்சு வடத் தாங்கிக்குத் திறந்த முனை, மூடிய முனை, 50 ஓம் சுமை, நேரிணைப்பு என்ற நான்கு துண்டு முறை. வேவ்கைடில் திறந்த முனை அலையை வெளியே வீசிவிடும் என்பதால் அது பயன்படாது. நேரிணைப்பு, பிரதிபலிப்பான், கால் அலை நீளத் துண்டு என்ற மூன்றைக் கொண்டு செய்வது நல்லது. விளிம்புத் தட்டுகளின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சீராக இறுக்குங்கள். அளவுத்திருத்தம் முடிந்த பிறகு கேபிளை அசைக்கக் கூடாது. மாலையில் மையக் குளிரூட்டி நின்றுவிடும் கட்டடமாக இருந்தால், பிற்பகலில் செய்த அளவுத்திருத்தத்தை இரவு அளவீட்டுக்கு நம்ப வேண்டாம்.

படி 5: மாதிரி வைப்பதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை வெற்றுத் தாங்கி. மாதிரி இல்லாமல் தாங்கியை மட்டும் மாட்டி அளந்தால் எஸ்21 (தாண்டிச் செல்லும் அலையின் அளவு) சுழி டெசிபெலை ஒட்டி நேர்க்கோடாக நிற்க வேண்டும். எஸ்11 (திரும்பி வரும் அலையின் அளவு) குறைந்தது −30 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாங்கி சாய்ந்திருக்கிறது, அல்லது அளவுத்திருத்தம் தவறு. மேலே போகாதீர்கள்.

இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன பித்தளைத் தகடு. குழாயின் வாயை முழுதும் அடைக்கும்படி விளிம்புத் தட்டுகளுக்கு நடுவே அதை வைத்து இறுக்கி எஸ்21-ஐப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் பித்தளையை 10 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டாது. ஆகவே திரையில் தெரிவது பித்தளையின் திறன் அல்ல. உங்கள் கருவியின் இரைச்சலும் தாங்கியின் கசிவும் சேர்ந்த அடித்தளம். அது −90 காட்டினால் நல்லது. −55 காட்டினால், 50 டெசிபெல் பொருளை நீங்கள் அளக்கவே முடியாது.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? மாதிரியின் சமிக்ஞை அடித்தளத்துக்கு மேலே 10 டெசிபெல் இருந்தால், கசிவு அதோடு கூடியோ கழிந்தோ இரண்டு மூன்று டெசிபெல் பிழை வரலாம். 20 டெசிபெல் இருந்தால் பிழை ஒரு டெசிபெலுக்குள் அடங்கிவிடும். 2016-இல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட ஆய்வு ஒன்றில், 45 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கார்பைடு எம்எக்ஸீன் படலம் 92 டெசிபெல் வரை தடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அத்தகைய எண்ணை எட்ட ஆசைப்படுபவர், தன் கருவியின் அடித்தளம் −110 டெசிபெலை ஒட்டியாவது இறங்குமா என்று முதலில் பார்க்கட்டும்.

இந்தப் பித்தளை வரைபடத்தை ஒவ்வொரு நாளும் எடுத்து, தேதியிட்டுச் சேமியுங்கள். ஒரு நாள் அது திடீரென்று ஏறியிருந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது.

படி 6: அளத்தல்

மாதிரியை வையுங்கள், இறுக்குங்கள், எஸ்11, எஸ்21, எஸ்12, எஸ்22 நான்கையும் சேமியுங்கள். கடைசி இரண்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து அலையை அனுப்பும்போது கிடைக்கும் அளவுகள். எஸ்21-உம் எஸ்12-உம் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்11-உம் எஸ்22-உம் வேறுபட்டால் மாதிரியின் இரு முகங்களும் ஒன்றல்ல என்று பொருள். வார்க்கும்போது, கலந்த நானோகுழாயோ இழையோ அடியில் படிந்திருக்கலாம். அது குறை மட்டுமல்ல, செய்தியும்கூட. எந்த முகத்தில் அலை விழுந்தது என்று குறிப்பிடுங்கள்.

மாதிரியைக் கழற்றி, மீண்டும் மாட்டி, மறுபடி அளந்து பாருங்கள். இதைச் சில முறை செய்யுங்கள். கழற்றாமலேயே பத்து முறை அளந்தால் கருவியின் சீர்மைதான் தெரியும். கழற்றி மாட்டினால்தான் உங்கள் கையின் சீர்மை தெரியும். உண்மையான பிழை அதில்தான் இருக்கிறது.

ஒரே திசையில் இழை ஓடும் கார்பன் கூட்டுப்பொருளாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இழை மின்புலத்துக்கு இணையாக, அதாவது குழாயின் குறுகிய பக்கத்துக்கு இணையாக இருந்தால் திறன் மிக அதிகம். 90 பாகை திருப்பி வெட்டிய துண்டில் அது வெகுவாக விழும். ஒரே பலகை, இரண்டு எண்கள். ஒன்றை மட்டும் வெளியிட்டுத் திசையைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. குழாயில் மின்புலத்தின் திசை நிலையானது என்பதால் மாதிரியைத்தான் இரண்டு விதமாக வெட்ட வேண்டும். டி4935 தாங்கியில் மின்புலம் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரிவதால் கிடைப்பது திசைகளின் கலவைதான்.

படி 7: கணக்கு

எஸ்11-இன் அளவை (டெசிபெலில் அல்ல, வீச்சு விகிதமாக) வர்க்கப்படுத்தினால் பிரதிபலித்த பங்கு. எஸ்21-இன் அளவை வர்க்கப்படுத்தினால் தாண்டிய பங்கு. ஒன்றிலிருந்து இரண்டையும் கழித்தால் உட்கவர்ந்த பங்கு. மொத்தக் கவசத் திறன், தாண்டிய பங்கின் மடக்கையை −10 ஆல் பெருக்கியது. பிரதிபலிப்பால் வந்த திறனுக்கு, ஒன்றிலிருந்து பிரதிபலித்த பங்கைக் கழித்து, அதன் மடக்கையை −10 ஆல் பெருக்குங்கள். மொத்தத்தில் அதைக் கழித்தால் எஞ்சுவது உட்கவர்தலால் வந்த திறன்.

கணக்கு எளிது, விளக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஓர் எடுத்துக்காட்டு. பிரதிபலித்த பங்கு 0.90, தாண்டிய பங்கு 0.0001 என்று வையுங்கள். உட்கவர்ந்தது 0.0999. மொத்தத் திறன் 40 டெசிபெல். அதில் பிரதிபலிப்புக்கு 10, உட்கவர்தலுக்கு 30. உடனே "எங்கள் பொருளில் உட்கவர்தலே மேலோங்கியிருக்கிறது, பசுமையான கவசம்" என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஆனால் வந்த அலைத்திறனில் 90 விழுக்காடு திரும்பி ஓடிவிட்டது. பக்கத்து வீட்டு வைஃபை மேல் போய் விழுகிறது. அந்த 30 டெசிபெல், உள்ளே நுழைந்த பத்து விழுக்காடு எப்படிக் கரைந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. உட்கவர்தல் மேலோங்குகிறது என்று சொல்ல விரும்பினால் பங்குகளை ஒப்பிடுங்கள், டெசிபெலை ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு பொறி. நன்கு கடத்தும் பொருளில் எஸ்11 கிட்டத்தட்டச் சுழி டெசிபெலாக இருக்கும். −0.10 டெசிபெல் என்று வந்தால் பிரதிபலிப்புத் திறன் 16.4. அதே எஸ்11 −0.05 என்று வந்தால் 19.4. ஒரு டெசிபெலில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம், மூன்று டெசிபெலை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிவிட்டது. மொத்தம் மாறுவதில்லை, பிரித்துச் சொல்லும் எண்கள்தாம் ஆடுகின்றன. அளவுத்திருத்தம் சற்றுப் பிசகி எஸ்11 சுழிக்கு மேலே போய்விட்டால் பிரதிபலிப்பு ஒன்றைத் தாண்டி, எக்செல் தாள் பிழைக் குறி காட்டும். அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டு மிச்சத்தை வரைவது தீர்வல்ல. அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யுங்கள்.

படி 8: வேறு வழியில் சரிபார்த்தல்

நான்கு ஊசி முறையில் மாதிரியின் தாள் மின்தடையை அளந்துகொள்ளுங்கள். அலை ஊடுருவும் ஆழத்தைவிட மெல்லிய படலமாக இருந்தால், ஒரு குறுக்குவழிக் கணக்கு உண்டு: 188.5 என்ற எண்ணைத் தாள் மின்தடையால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, மடக்கை எடுத்து, 20 ஆல் பெருக்குங்கள். 188.5 என்பது வெற்றிடத்தின் அலைத்தடையான 377 ஓமில் பாதி. தாள் மின்தடை 100 ஓம் என்றால் 9 டெசிபெல். 10 ஓம் என்றால் 26. 1 ஓம் என்றால் 45 அல்லது 46.

வேவ்கைடுக்குள் அலைத்தடை 377 அல்ல. 10 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூஆர்-90 குழாயில் அது ஏறத்தாழ 500 ஓம். ஆகவே குழாயில் அளந்த எண், வெட்டவெளிக் கணக்கைவிட இரண்டு டெசிபெல் அளவுக்கு உயர்ந்தே இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

அளந்தது கணக்கைவிட மிகவும் குறைவாக இருந்தால், ஓரம் கசிகிறது அல்லது தொடர்பு சரியில்லை. மிகவும் கூடுதலாக இருந்தால், படலம் நீங்கள் நினைத்ததைவிடத் தடிமனாக இருக்கலாம், காந்தத் துகள் இருக்கலாம், அல்லது நான்கு ஊசிகளும் கடத்தாத பிசின் தோலின் மேல் நின்றிருக்கலாம். எப்படியோ, இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கும்வரை கட்டுரை எழுத உட்கார வேண்டாம்.

படி 9: எழுதிவைத்தல்

அறிக்கையில் இருக்க வேண்டியவை: முறையும் தாங்கியும், அதிர்வெண் பட்டை, தடிமனும் அதன் விலகலும், இழைத் திசை, மாதிரி உலர்த்தப்பட்ட விதம், அளவுத்திருத்த முறை, பித்தளைத் தகட்டின் அடித்தளம், எத்தனை முறை கழற்றி மாட்டினீர்கள் என்பது. திறனை அடர்த்தியாலும் தடிமனாலும் வகுத்துப் பல்லாயிரக்கணக்கில் எண் காட்டும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. மெல்லியதாக இருந்தாலே அந்த எண் பெருத்துவிடும். 12 டெசிபெல் மட்டுமே தடுக்கும் படலம்கூட அதில் முதலிடம் பிடிக்கலாம். அதைப் போடுவதானால், வகுக்காத எண்ணைப் பக்கத்திலேயே போடுங்கள்.

வாடிக்கையாளருக்கோ சான்றிதழுக்கோ எண் தேவைப்பட்டால், பல்கலைக்கழக ஆய்வகத்தில் எடுத்த வரைபடம் போதாது. சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் திட்டத்தில் ஏற்பு பெற்ற சோதனைக்கூடத்தை நாடுங்கள். ஏற்பு ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே தரப்படுகிறது, ஆகவே "ஏற்பு பெற்றவர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், உங்களுக்கு வேண்டிய முறையும் அதிர்வெண் பட்டையும் அவர்களது ஏற்புப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் கருவியின் அளவுத்திருத்தச் சங்கிலி தேசிய அளவையியல் நிலையம்வரை போகிறதா என்பதையும் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

அளந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். மாதிரியின் எண், வெட்டிய திசை, அலை விழுந்த முகம் ஆகியவற்றை எழுதி ஒட்டி உலர்பெட்டியில் வையுங்கள். மதிப்பீட்டாளர் ஆறு மாதம் கழித்து "இதை மறுபடி அளந்து காட்டுங்கள்" என்று கேட்பார்.